படிவத்தின் அடியில் நான் சேர்த்த வரி

அந்த வரி ஆங்கிலத்தில் இருக்கவில்லை. அதை நான்தான் சேர்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாரிடமும் கேட்டும் செய்யவில்லை. அதனால் வந்த கோபம் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. அதில் பாதி என்மேல் உள்ள கோபம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவினேன். யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எண்பத்தாறில் கணவரோடு இங்கே வந்து, மோர்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு முதலில் கடையில்தான் வேலை கிடைத்தது. ஆட்கள் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். மூன்று கிழமையில் விட்டுவிட்டேன். போத்தல்கள் ஒன்றும் கேட்பதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது.

ஒவ்வொரு போத்தலையும் அமிலத் தொட்டியில் ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு வடித்த நீரில் மூன்று தரம் அலசி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். பழைய தண்ணீர் ஒரு துளி தங்கினாலும் சோதனை பிழைத்துவிடும் என்று முதல் நாளே சொன்னார்கள். நான் கழுவிய போத்தலால் ஒரு சோதனையும் பிழைக்கவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நடந்ததற்கு இது தேவை.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பேராசிரியருக்குக் குப்பைமேடுகள்தான் ஆராய்ச்சி. குப்பையின்மேல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கறுத்த சாறாகி, மண்ணுக்குள்ளால் ஊறிப் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். எவ்வளவு தூரம் போகிறது, அதில் என்ன கிடக்கிறது என்று அவருடைய ஆட்கள் பார்த்தார்கள். இங்கிலாந்தில் சில இடங்களிலும் வெளிநாட்டில் சில இடங்களிலும் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு வைத்திருந்தார்கள். நடைபாதைச் சுவரில் ஒரு பெரிய உலகப்படம் இருந்தது. கூட்டு உள்ள நாடுகளில் ஊசி குத்தி, பக்கத்தில் கைகுலுக்கும் படங்கள் ஒட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு நகரத்துக் கல்லூரிக்கும் அதில் ஓர் ஊசி இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கறிவேப்பிலை சுற்றித் தந்த தமிழ்ப் பேப்பரை விரித்து வாசித்துக்கொண்டு சாப்பிட்டேன். அந்த வழியால் போன பேராசிரியர் திரும்பி வந்து, இது தமிழா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அடுத்த நாள் என் மேசையில் ஒரு படிவம் கிடந்தது. அந்த நகரத்துக் குப்பைமேட்டைச் சுற்றியுள்ள வீட்டுக்காரரிடம் கேட்கும் கேள்விகள். கிணறு எத்தனை அடி, எத்தனை பேர் குடிக்கிறார்கள், காய்ச்சிக் குடிக்கிறார்களா, யாருக்காவது வயிற்றுக்கோளாறு இருக்கிறதா. அதைத் தமிழில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

மூன்று நாள் பின்னேரங்களில் குசினி மேசையில் இருந்து எழுதினேன். தமிழ்த் தட்டச்சு அவர்களிடம் இல்லை. என் கையெழுத்தையே நகல் எடுத்து அனுப்பப் போகிறார்கள் என்பதால் குண்டு குண்டாக எழுதினேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு ஆங்கிலத்தில் ‘ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று மட்டும் இருந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீட்டுக்குப் போய், அவர்களுடைய கிணற்றில் தண்ணீர் அள்ளி, யாருக்கு வயிற்றுவலி என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டு, வெறும் நன்றியோடு எழும்பி வருவதா? எங்கள் ஆட்கள் ஒருவரிடம் ஒன்று கேட்டு எழுதினால், பதிலுக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்லித்தான் கடிதத்தை முடிப்பார்கள். அதனால் எழுதினேன்: ‘உங்கள் கிணற்று நீரின் முடிவை உங்களுக்குக் கட்டாயம் அறியத் தருவோம்.’

வேலையால் வந்த கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இது இங்கிலீசிலை எங்கை கிடக்கு?”

“இல்லை. ஆனா உது இல்லாட்டி மொட்டையாக் கிடக்கும்.”

“நீர் என்ன, போத்தல் கழுவுற ஆளோ, யூனிவேர்சிற்றிக்காக வாக்குக் குடுக்கிற ஆளோ?”

“மரியாதைக்கு எழுதிறதுதானேயப்பா.”

“ஓமோம், பெரிய புரொபெசர் அம்மா. தேத்தண்ணி கிடைக்குமோ, இல்லாட்டி அதுக்கும் படிவம் நிரப்ப வேணுமோ?”

இருவரும் சிரித்தோம். அவர் விளையாட்டாகக் கேட்ட கேள்வியை நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, தமிழ்நாட்டார் தெர்மோகோல் என்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளில் கிணற்றுத் தண்ணீர் வந்தது. நான் கழுவி அனுப்பிய அதே போத்தல்கள், ஒவ்வொன்றிலும் கிணற்றின் நம்பர். கூடவே நிரப்பிய படிவங்கள். அவற்றை ஆங்கிலமாக்குவதும் என் வேலையானது. பலர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லியிருந்தார்கள். பதினேழாம் நம்பர் கிணற்றுக்காரி மட்டும் ஓரம் முழுக்கப் பென்சிலால் எழுதியிருந்தாள்.

‘அஞ்சு பேரு குடிக்கிறோம். தண்ணி மேல எண்ணெ மாதிரி மினுங்குது. வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். சின்னவளுக்கு ஆறு மாசமா வயித்து வலி. முடிவு சொல்றோம்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப நன்றிங்க. காத்திருக்கோம்.’

கணினியில் பதிந்தபோது இதில் மிஞ்சியது மூன்று விடை. குடிப்பவர் ஐந்து. காய்ச்சுவது ஆம். வயிற்றுக்கோளாறு ஆம். நன்றிக்கும் காத்திருப்பதற்கும் அங்கே கட்டம் இல்லை.

முடிவு வந்ததும் தண்ணீர் சோதிக்கும் கருவிக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். அனுமதித்த அளவைத் தாண்டிய கிணறுகளுக்குச் சிவப்புக் கோடு. மொத்தம் பதினொரு கோடு. பதினேழுக்குக் கீழே கோடு தடிப்பாக இருந்தது. தூசி தட்டுவதுபோல் அதன்முன் நின்றேன். பேராசிரியர் வந்து, நானும் அந்த வேலையில் பங்கு என்ற நல்லெண்ணத்தோடு விளக்கினார். இந்த வரிசை ஈயம். குப்பைமேட்டுக்குக் கிட்டப் போகப் போகக் கூடுகிறது. மிக அருமையான முடிவு, இவ்வளவு ஒழுங்காக ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை என்றார். முகம் மலர்ந்திருந்தது.

காய்ச்சினால் ஈயம் போய்விடுமா என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் சட்டியில் மிஞ்சும் என்றார். நல்ல கேள்வி என்றும் சொன்னார்.

சரி, இனி அவர்களுக்கு அறிவிப்பார்கள் என்று நினைத்தேன். தமிழில் எழுதக் கேட்பார்கள் என்று ஒரு புதுப் பேனைகூட வாங்கி வைத்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வசந்தத்தில் எசெக்ஸ் பக்கம் ஒரு பழைய குப்பைமேட்டுக்கு அருகே, ஒரு பண்ணை வீட்டின் கிணற்றுத் தண்ணீரும் வந்தது. அதற்கும் சிவப்புக் கோடு விழுந்தது. வியாழன் மத்தியானம் முடிவு தெரிந்தது. தேநீர் நேரத்துக்கு முன்னரே பேராசிரியர் தொலைபேசியில் நின்றார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. குடிக்கவேண்டாம், சமைக்கவேண்டாம், பிள்ளைகளுக்கு இரத்தம் சோதியுங்கள் என்றார். திங்கட்கிழமை வந்தபோது கவுன்சில் அந்த வீட்டு வாசற்படலையில் பெரிய தண்ணீர்த் தாங்கி வைத்துவிட்டதாகக் கதைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்து நானும் ஆறுதல்பட்டேன்.

பிறகு கழுவுதொட்டியில் நின்றபோது கை ஓடவில்லை. ஒரே கருவி, ஒரே அமிலம். இரண்டு போத்தலையும் கழுவியது இதே கை. ஒரு கிணற்றுக்கு நாலு நாளில் தண்ணீர்த் தாங்கி வந்தது. மற்றக் கிணற்றுக்காரி இன்னும் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து விட்டபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வடித்த நீரை வீணாக்குகிறேன் என்று ஒரு மாணவன் வந்து குழாயைப் பூட்டினான்.

கோடையில் தமிழ்நாட்டுக் கல்லூரியின் விரிவுரையாளர் இரண்டு மாதத்துக்கு வந்தார். தண்ணீர் அள்ளி அனுப்பியவர் அவர்தான். நல்ல மனிதர். இங்கத்தைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மெலிந்தார். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

“அக்கா, இதுல காரமே இல்ல, ஆனா விட மனசு வரல. என்ன மாயம் பண்ணினீங்க?”

“தேங்காய்ப்பால்தான் சேர்.”

“நீங்க பேசுறத நாள் பூரா கேட்டுட்டே இருக்கலாம். நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு.”

அவர் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

“சேர், பதினேழாம் நம்பர் கிணத்துக்காரருக்குச் சொல்லியாச்சோ?”

“எதை?”

“தண்ணியிலை ஈயம் கிடக்கெண்டு.”

கரண்டியை வைத்துவிட்டார். “அதச் சொல்ற ஸ்டேஜ் இன்னும் வரல அக்கா. முனிசிபாலிட்டி அனுமதி குடுத்துத்தான் உள்ளயே போனோம். இப்பப் போய்க் கிணத்துல விஷம்னு சொன்னா, அடுத்த வருஷம் எங்கள உள்ள விடுவாங்களா?”

“அடுத்த வருசம் வரைக்கும் அதுகள் அதைக் குடிக்கிறதோ?”

“எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருக்கு? எங்க காலேஜும் இந்த யுனிவர்சிட்டியும் கையெழுத்துப் போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் ஒத்துக்காம எதையும் வெளிய விடக்கூடாதுன்னு.”

“நான் பேப்பரிலை போடச் சொல்லேல்லை. ஒரு வீட்டுக்குச் சொல்லத்தான் கேக்கிறன்.”

“ஒரு வீட்டுக்குச் சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. நம்ம சனங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

தெருவுக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்டிருக்கலாம். மேசையில் சிந்திய சொதியைத் துடைத்தேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் தந்தார். ஆள் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் இரண்டாம் முறை தண்ணீர் வந்தது. பெட்டிக்குள் மடித்த ஒரு கடிதமும் கிடந்தது. அதே பென்சில் எழுத்து.

‘அய்யா அவர்களுக்கு. மழ வந்துருச்சு. சின்னவ இப்ப பள்ளிக்கூடம் போறதில்ல, ஒடம்புல தெம்பு இல்ல. டாக்டரு என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டாரு. எங்க தண்ணிய லண்டன்ல பாத்துட்டாங்க, கெட்டதா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்க, நல்ல தண்ணிதான்னு சொன்னேன். சரிதானுங்களே?’

கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். நாங்கள் பேசாமல் இருந்ததை அவள் நல்ல செய்தியாக எடுத்திருந்தாள். ஏன் எடுக்கமாட்டாள்? கட்டாயம் அறியத் தருவோம் என்று குண்டு எழுத்தில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். வேறு யாரிடமாவது கேட்டிருப்பாள். டாக்டர் கேட்டபோது தெரியாது என்றாவது சொல்லியிருப்பாள். என் மரியாதை அவளை அந்தக் கிணற்றிலேயே பிடித்து வைத்துவிட்டது.

கடிதத்தை ஆங்கிலமாக்கிப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். நாங்கள் எங்கே அப்படிச் சொன்னோம் என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். ஏன் என்றார். மரியாதைக்கு என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடினேன். சரியாக ஒன்றும் அகப்படவில்லை. அவர் கோபிக்கவில்லை. முடிவுகளை இன்னும் உறுதிப்படுத்தவில்லை, இந்தியத் தரப்புச் சம்மதிக்கவேண்டும், எல்லாம் அறிக்கையில் வரும், கவலைப்படாதே என்று மெதுவாகச் சொல்லி, கடிதத்தைக் கோப்புக்குள் வைத்தார். எசெக்ஸ் வீட்டுக்கு எப்படி நாலு நாளில் உறுதியானது என்று கேட்க வாய் உன்னியது. அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

சனிக்கிழமை தபாற்கந்தோரில் பதினொரு நீல வான்கடிதம் வாங்கினேன். விலாசங்கள் படிவங்களில் இருந்தன. அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஞாயிறு முழுக்க எழுதினேன். ‘உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது. குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். பிள்ளைகளை டாக்டரிடம் காட்டி இதைச் சொல்லுங்கள். பிந்திச் சொல்வதற்கு மன்னியுங்கள்.’

“வேலை போகும், தெரியுமோ?” என்றார் கணவர்.

“ஓம்.”

“பேந்து என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டன்.”

“நீர் ஒருத்தரோடையும் வாய் துறந்து கதைக்கமாட்டீர். கடையிலை பாண் இல்லாட்டியும் கேக்காமல் வாற ஆள். இப்ப பதினொரு வீட்டோடை கதைக்கிறீரோ?” கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு மடிப்புகளுக்குத் துப்பல் தொட்டு ஒட்டத் தொடங்கினார். “நான் ஷிப்டுக்குப் போகேக்கை போடுறன், தாரும். நீர் போனால் பெட்டிக்கு முன்னாலை நிண்டு யோசிப்பீர்.”

ஆறு கிழமையில் தெரியவந்தது. தெருவே நகராட்சி வாசலில் போய் நின்றதாம். அங்கிருந்து கல்லூரிக்கு, கல்லூரியிலிருந்து லண்டனுக்கு. பேராசிரியர் கூப்பிட்டார். பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர். நம்பிக்கை மீறல் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாருடைய நம்பிக்கை என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆய்வுகூடத்துக்குள் வரக்கூடாது என்று, நிலக்கீழ் அறைக்கு, நகல் எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

பதினேழாம் நம்பர்க்காரியின் பதில், நான் வான்கடிதத்தில் போட்டிருந்த மோர்டன் வீட்டு விலாசத்துக்கு வந்தது. நன்றி இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். ஒரே ஒரு பக்கம்.

‘குடிக்காதீங்கன்னு சொன்னீங்க. சரி. எதக் குடிக்கிறதுன்னு சொல்லலையே.’

அதன் கீழே, முனிசிபாலிட்டி தண்ணி லாரி மூன்று வாரம் வந்தது, பிறகு நின்றுவிட்டது, பள்ளிக்கூடத்துப் பம்பில் போய்ப் பிடிக்கிறோம், ஒரு குடத்துக்குப் பாதி நாள் நிற்கவேண்டும், சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

அன்று மாடி ஏறிப் போனேன். பேராசிரியரின் அறையில் யாரோ இருந்தார்கள். அது யார் என்று பார்க்கவில்லை. கதவடியில் நின்று கடிதத்தை முதலில் தமிழில் சத்தமாக வாசித்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். எசெக்ஸ் வீட்டுக்குத் தாங்கி வைத்தீர்கள், இவளுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். இலக்கணம் எல்லாம் பிழைத்திருக்கும். தொண்டை அடைக்கவில்லை. அவர் சிவந்துபோய், தன்னிடம் அந்த நகரத்தில் அதிகாரம் ஒன்றும் இல்லை என்றார். உங்களுக்கு அங்கே தண்ணீர் அள்ள மட்டும் அதிகாரம் இருந்ததா என்று கேட்டுவிட்டு இறங்கினேன். நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தண்ணி லாரி திரும்ப ஓடியது, கோடை வரைக்கும்.

அடுத்த வருடம் புதுப் படிவம் நகலுக்கு வந்தது. அதே நகரம், குப்பைமேட்டின் மறுபக்கம், இருநூறு பிரதி. இம்முறை கணினியில் அச்சடித்த அழகான தமிழ். யாரோ படித்தவர்கள் செய்திருந்தார்கள். எத்தனை பேர் குடிக்கிறீர்கள், காய்ச்சுகிறீர்களா, எல்லாம் இருந்தது. அடியில் ‘ஒத்துழைப்புக்கு நன்றி.’ அதோடு சரி. ஒரு வருடத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது, வரியை அகற்றுவது.

அறையில் நான் தனியே. மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. முடிவை அறிவிக்கவென்று அன்று வாங்கி வைத்த அந்தப் பழைய புதுப் பேனையைப் பையிலிருந்து எடுத்தேன். முதல் தடவை வாக்குக் கொடுத்தபோது, அதை நிறைவேற்ற என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இம்முறை நிறைவேற்றக்கூடியவர் யார் என்று எனக்குத் தெரியும். குண்டு எழுத்தில் எழுதினேன்: ‘உங்கள் கிணற்றின் முடிவு இரண்டு மாதத்தில் தயாராகிவிடும். வராவிட்டால் இந்த விலாசத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.’ கீழே பேராசிரியரின் பெயர், அறை நம்பர், கட்டடம், தெரு. பிறகு இருநூறு என்று அழுத்தினேன்.

தை மாதத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில் இரண்டு, பிறகு கட்டாக. ஒரு காலை படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பேராசிரியர் இரண்டு கையிலும் நீலக் கடிதங்களோடு வாசலில் நின்றார். யார் செய்தது என்று கேட்கவில்லை. இதையெல்லாம் தனக்கு வாசித்துச் சொல்லமுடியுமா என்று கேட்டார்.

மெஷினை நிறுத்தினேன். அவருக்கு ஒரு கதிரையைத் தள்ளினேன். மேலே கிடந்ததிலிருந்து தொடங்கினேன். ஒன்றையும் சுருக்கவில்லை.